வாசலுக்கு வெளியே நின்ற வண்டி

மச்சான்,

நேற்று அக்காவைப் பார்க்கச் சேந்தமங்கலம் போயிருந்தேன். கடைவீதி முனையில் டீ வாங்கிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து ஒரு புகை வந்து மூக்கில் ஏறியது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து எரிகிற வாசம். திரும்பிப் பார்க்காமலே என்ன வண்டி என்று தெரிந்துவிட்டது.

சேலத்திலிருந்து ஏழெட்டுப் பையன்கள் கொல்லிமலை ஏறப் புறப்பட்டு வந்திருந்தார்கள். உயரமான வண்டிகள், இரண்டு பக்கமும் பெட்டி, முழங்கால் வரை பூட்ஸ். ஒன்றின் பக்கவாட்டில் 'அட்வென்ச்சர்' என்று எழுதியே இருந்தது. அவர்களுக்கு நடுவில் ஒருத்தன் மட்டும் நீங்கள் வைத்திருந்த அதே ரக வண்டியில் வந்திருந்தான். அதே பழைய நூற்றெழுபத்தைந்து சி.சி., புதுப் பெயின்ட். ஏன் இதில் வந்தாய் என்று கேட்டேன். "சிம்பிள் வண்டிங்க சார். எங்க நின்னாலும் நானே பாத்துக்குவேன்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புகை அடிக்குதுங்களா, தள்ளி நிறுத்தட்டுங்களா?" என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். அவர்கள் கிளம்புகிற வரை அந்தப் புகையிலேயே நின்றேன். டீ ஆறிப்போனது.

இந்த மாதிரி வண்டிக்கு இப்போது பெரிய மவுசு என்று என் மகன் சொல்கிறான். கனமில்லாமல், விலை எட்டுகிற மாதிரி, காட்டிலும் மேட்டிலும் மக்கர் பண்ணாமல் போகிற வண்டி எது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களாம். நீங்கள் இருந்திருந்தால், "பால் ஊத்தப் போறதுக்கு இத்தனை பேச்சா?" என்று கேட்டிருப்பீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் அக்காவை உங்களுக்குக் கொடுத்தோம். அப்பாவுக்கு அப்போது திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் லாரிகள் ஓடின. போர்வெல் போடுகிற தொழில் சூடு பிடித்திருந்த காலம். அப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவருக்கு எடை பிடிக்கும். ஒரு சாமானைத் தூக்க எத்தனை ஆள் வேண்டுமோ அதை வைத்துத்தான் அதன் மதிப்பைப் போடுவார். அக்காவுக்குச் சீராகக் கொடுத்த பீரோவை இறக்கும்போது உங்கள் பங்காளி ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

சீரிலேயே பெரிய சீர் அந்த மோட்டார் சைக்கிள். இரண்டு பக்கமும் சைலன்சர், குதிர் மாதிரி டேங்க். பந்தலில் அதற்கும் மாலை போட்டு நிறுத்தியிருந்தோம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார்கள். நீங்களும் அதை ஒருமுறை பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். அதை நன்றி என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

உங்கள் காடு மலையடிவாரத்தில். சேந்தமங்கலத்தைத் தாண்டித் தார் ரோடு முடிந்து, வண்டித்தடத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து போக வேண்டும். ஓடையில் தண்ணீர் கொஞ்சம்தான், மணல்தான் அதிகம். எங்கள் ஆட்கள் உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தபோது மாட்டுவண்டியில் ஏற்றி அழைத்துப் போனீர்கள். அது மரியாதைக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. ஒரு சந்தை நாளில் திருச்செங்கோட்டுக்கு வந்தீர்கள். வாசலில் வந்து நின்றது வேறு வண்டி. சின்னது, ஒல்லியானது, பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டுகிற கொக்கி. அப்பா கேட்டார்.

"வண்டி எங்கீங்க மாப்ள?"

"மாத்திட்டனுங்க மாமா."

"எதுக்குங்க?"

"இது தோதா இருக்குதுங்க. மிச்சத்துல கிணத்துக்கு மோட்டார் வெச்சுட்டேன்."

பொய் சொல்லியிருக்கலாம். வொர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறேன் என்றிருந்தால் ஒரு மாசம் ஓடியிருக்கும். உங்களுக்கு அது வராது. நம் பக்கத்தில் சீர் கொடுப்பதோடு கதை முடிவதில்லை. கொடுத்தது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பந்தலில் அந்த வண்டியைப் பார்த்த அத்தனை பேரும் இனி 'வண்டி எங்கே' என்று அப்பாவைக் கேட்பார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. 'ங்க' போட்டே வெட்டுகிற வித்தை எங்கள் ஆட்களுக்குக் கைவந்தது அல்லவா.

"நீங்க எப்ப வேணா வாங்க, சாப்புடுங்க, போங்க. உங்க ஊடு இது. ஆனா எம்புள்ளைக்குக் குடுத்த சீர வித்து வாங்குன பால்காரன் வண்டி இந்த வாசலுக்குள்ள வரக் கூடாதுங்க."

நீங்கள் தலையாட்டினீர்கள். வெளியே போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தீர்கள். ரசம் வரைக்கும் ஊற்றிச் சாப்பிட்டீர்கள். அம்மாவுக்குப் பரிமாறவே கை வரவில்லை.

நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள். அக்கா பொறுக்கவில்லை. அடுத்த வாரம் அவள் சொல்லியனுப்பியது எங்கள் வீட்டில் இடி மாதிரி இறங்கியது. "எங்க வண்டி நுழையாத வாசல்ல நானும் நுழையலீங்கன்னு சொல்லிடுங்க." அவளுக்கு அப்போது மாசம் ஏறியிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எந்த வீட்டிலும் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். அவள் நாமக்கல் ஆஸ்பத்திரியில் பெற்றாள். அம்மா பஸ் ஏறிப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவிடம் ஒரு வாரம் பேசவில்லை. அப்பா யாரிடமும் பேசவில்லை.

குழந்தை வளர்ந்தது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அந்த மாமன் நான். போகிறேன் என்றால் அப்பா, "போ. போனா அப்படியே அங்கயே இருந்துக்க" என்றார். சரி, அப்பாவை விட்டுவிட்டு நான் மட்டும் வருகிறேன் என்று சொல்லியனுப்பினால் அக்கா, "அப்பா வராம எம்புள்ளைக்குக் காது குத்த மாட்டேன்" என்றாள். இரண்டு பேரும் ஒரே அச்சு. நடுவில் அந்தக் குழந்தை வெறும் காதோடு திரிந்தது. ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் நீங்கள் வந்துகொண்டே இருந்தீர்கள். சந்தை நாள் தோறும். மழையா, வெயிலா, நோம்பி பண்டிகையா, எதுவும் கணக்கில்லை. தெரு முக்குத் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்கும், பட்டாணி வறுக்கிற மாதிரி. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக லாரி ஷெட்டுக்குப் போய்விடுவார். நீங்கள் புளியமரத்தடியில் நிறுத்துவீர்கள். உள்ளே வந்து அம்மாவிடம் குழந்தை என்ன பேசியது, எந்தப் பல் முளைத்தது என்று சொல்வீர்கள். அம்மா கட்டிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு கிளம்புவீர்கள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வண்டி வழியில் நின்றுவிட்டது, அதனால் வரவில்லை என்ற பேச்சும் ஒருநாள்கூட உங்களிடமிருந்து வந்ததில்லை.

எனக்கும் அப்போது உங்கள் மேல் கோபம்தான். வண்டியை மாற்றியதற்கு அல்ல, காரணம் சொல்லாததற்கு. ஒருநாள் அப்பாவிடம் ஈரோடு போவதாகச் சொல்லிவிட்டு உங்களோடு மலைக்கு வந்தேன். மலைமேல் ஒரு தோட்டத்தில் மிளகு பார்க்கப் போகிறீர்கள் என்றீர்கள். மலைப்பாதையில் பாதிக் கொண்டையூசி வளைவுகள் தாண்டியிருப்போம், கிளச் ஒயர் அறுந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன். நீங்கள் இறங்கி, பழைய ஒயரோடு சேர்த்து முன்பே கட்டி வைத்திருந்த புது ஒயரை எடுத்து மாட்டினீர்கள். நான் ஒன்றுக்குப் போய்விட்டு வருவதற்குள் வண்டி தயார்.

எனக்கு அன்றைக்குத்தான் அந்த வண்டியின் மேல் ஆசை வந்தது. அதில் ஒளிவு மறைவு கிடையாது. எல்லாம் வெளியிலேயே தெரியும். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டால் ஓடும். எந்த ஊர் சைக்கிள் கடைக்காரனும் அதைக் கண்டு பயப்பட மாட்டான். பஸ் போகாத பாட்டையில், கல்லில் குதித்து, ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறி, அது பாட்டுக்குப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, அது வேறு. ஆனாலும் இந்த மலையில் இனி நான் போக முடியாத இடம் எதுவும் இல்லை என்று தோன்றியது. டன் கணக்கில் கனக்கிற லாரிகளோடு புழங்குகிறவனுக்கு அப்படி ஒரு எண்ணம் அதற்கு முன் வந்ததில்லை.

அப்புறம் சேற்றில் விழுந்தோம். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வண்டியை நிமிர்த்திவிட்டீர்கள். முன் சக்கரத்தை இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கோணிய ஹேண்டில் பாரைத் திருப்பி நேராக்கினீர்கள். அதைச் செய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"அந்தப் பெரிய வண்டி ஓடை மணல்ல சாஞ்சுதுங்க மாப்ள. உங்கக்கா பின்னாடி. மாசமா இருந்தா. சைலன்சர் அவ கால் மேல. என்னால தூக்க முடியல."

நான் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கத்திப் பாத்தேன், ஆளில்ல. கையால மணலத் தோண்டிக் கால உருவுனேன். அதுக்குள்ள வெந்துபோச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன். உழுந்தா நான் ஒருத்தனாத் தூக்கோணும், அதான் எனக்கு வண்டி."

இதை ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மாமா ஆசையாக் குடுத்தது. அதுல உங்க புள்ள கால் வெந்துபோச்சுன்னு எப்படிச் சாமி சொல்றது? அந்த வண்டி மேல தப்பில்ல. எங்க தடத்துக்கு ஆவல. அவ்வளவுதான்."

நானும் சொல்லக் கூடாது என்றீர்கள். சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு சந்தை நாள் நீங்கள் வரவில்லை. அப்பா வழக்கம் போலத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் வந்தால்தானே எழுந்து போக முடியும். மத்தியானம் வரை பார்த்துவிட்டு, "இன்னைக்குச் சந்தை கூடுச்சா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அடுத்த வாரமும் நீங்கள் வரவில்லை. அப்பா ஷெட்டுக்குப் போய்விட்டு உடனே திரும்பினார், மறுபடி போனார். கம்ப்ரஸரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆளிடம், "அத நிறுத்து, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்று எரிந்து விழுந்தார். மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"காரச் சொல்லு."

எங்கே என்று நான் கேட்கவில்லை. அம்மா மூச்சு விடாமல் ஒரு கூடையைக் கட்டி என் கையில் கொடுத்தாள்.

வாடகைக் கார் உங்கள் ஓடைக்கரையில் மணலில் இறங்கி நின்றுவிட்டது. டிரைவர் முறுக்க முறுக்க இன்னும் அழுந்தியது. அப்பா இறங்கி ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கரையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தலையில் துண்டு, முகத்தில் தாடி, சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தீர்கள். காய்ச்சலில் கிடந்து முந்தின நாள்தான் எழுந்திருந்தீர்கள் என்பது பிறகு தெரிந்தது.

"வாங்க மாமா. உக்காருங்க."

அப்பா ஏறினார். உங்களைத் தொடாமல், பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் டிரைவரும் கூடையோடு பின்னால் நடந்தோம். நடு ஓடையில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் முன் சக்கரம் வழுக்கியது. அவசரமே இல்லாமல் வண்டி சாய்ந்து, இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தீர்கள். யாருக்கும் அடியில்லை, அப்பாவின் வேட்டிதான் நனைந்தது. நீங்கள் முதலில் அப்பாவுக்குக் கை கொடுத்து எழுப்பினீர்கள். பிறகு குனிந்து, இடுப்பை முட்டுக் கொடுத்து, ஒரே மூச்சில் வண்டியை நிமிர்த்தினீர்கள். உதவிக்கு நீண்ட அப்பாவின் கை பாதியில் நின்றது. இரண்டாவது உதையில் வண்டி உயிர் பிடித்தது.

அப்பா ஏறவில்லை. வண்டியைப் பார்த்தார். கரையில் புதைந்து நிற்கிற காரைப் பார்த்தார். அப்புறம் ஈரம் பட்டு ஆவி பறக்கிற சைலன்சரைப் பார்த்தார், அதன் பக்கத்தில் நனைந்த வேட்டிக்குக் கீழே தன் காலைப் பார்த்தார். என்னைக் கேட்டார்.

"ரிக்க ஒரு பக்கம் அனுப்பறதுக்கு முன்னால நாம என்ன பண்ணுவோம்?"

"ஆளனுப்பி வழி பாப்போமுங்க."

அது எங்கள் தொழிலில் பாடம். லாரி கிளம்பும் முன் ஒருத்தன் போய், மேலே கரண்டு ஒயர் தாழ்ந்திருக்கிறதா, பாலம் தாங்குமா, மணலா களிமண்ணா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். அவன் சொல்லாமல் சக்கரம் உருளாது.

"லாரிக்குப் பாத்தோம். புள்ளைக்குப் பாக்கல."

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி ஏறி உட்கார்ந்தபோது கேரியரைப் பிடிக்கவில்லை. உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா இடுப்பில் குழந்தையோடு வாசல் நிலையில் நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எதிரி வந்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவார்கள். அப்பா முற்றத்திலேயே நின்று, "காலக் காட்டு சாமி" என்றார். அக்கா என்னை முறைத்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டுப் புடவைக் கரையை ஒரு சாண் தூக்கினாள். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கிப் பளபளத்தது. அப்பா ஈர வேட்டியோடு அந்த மண்ணில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். தொடவில்லை. எங்கள் வீட்டில் யாருக்காகவும் அவர் கீழே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஊட்டுக்கு வா."

"எங்க வண்டி?"

"வண்டியோடதான்."

அக்கா அப்போதுதான், "வாங்கப்பா" என்றாள்.

அடுத்த முகூர்த்தத்தில் நீங்கள் மூன்று பேரும் அந்த வண்டியிலேயே திருச்செங்கோடு வந்தீர்கள். எங்கள் கேட்டின் இரண்டு கதவையும் ரிக் லாரி வரும்போதுதான் திறப்போம். மற்ற நேரம் ஒற்றைக் கதவுதான். அன்றைக்கு அப்பாவே போய் இரண்டையும் திறந்து, கல் வைத்து நிறுத்திவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார். அத்தனை பெரிய வழியில் அந்த ஒல்லி வண்டி உள்ளே வந்ததைப் பார்த்து எங்கள் லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். அப்பா ஒரு பார்வை பார்த்தார், அடங்கினார்கள். காது குத்தியபோது குழந்தை என் மடியில் உட்கார்ந்து கூரையே பிய்ந்துபோக அழுதது. என் பட்டு வேட்டியையும் நனைத்தது.

அப்பா முதலில் போனார், பல வருஷம் கழித்து நீங்கள். உங்கள் சாவுக்கு வந்து எல்லா வேலையையும் நான்தான் பார்த்தேன். பந்தல்காரனோடு சண்டை போட்டேன், உறவுக்காரர்களுக்கு பஸ் ஏற்பாடு செய்தேன், கணக்காக எல்லாவற்றையும் முடித்தேன். அழ வரவில்லை. கல் மனசு என்று சிலர் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. எனக்கே அப்படித்தான் பட்டது.

மறு வருஷம் என் மகளுக்கு ஆத்தூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயம் முடிந்த பிறகு, என்ன சீர் கொடுப்பது என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே இறங்கி அவர்கள் வீடு வரை நடந்தேன். தண்ணீர் எங்கே தேங்கும், பாலம் எத்தனை அகலம், பாதை எங்கே சறுக்கும் என்று பார்த்துக்கொண்டே போனேன். யாருக்கு எதைக் கொடுப்பதென்றாலும் முதலில் போய் அவர்கள் தடத்தைப் பார்த்துவிடுகிற இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். சம்பந்தி பதறிப்போனார்.

"என்ன தனியா வந்திருக்கீங்க? எதுனா குறையா?"

"ஒண்ணுமில்லீங்க. வழி பாக்க வந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. "பொண்ணு கார்லதானே வரப்போவுது" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி நடக்கையில், பாதை பரவாயில்லை, ஒரே ஒரு இடத்தில்தான் மணல் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொன்னாலும் இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். உங்களிடம் சொன்னால் எத்தனை நீளத்துக்கு மணல் என்று கேட்பீர்கள். அந்த இடத்தில்தான் மச்சான், நீங்கள் செத்துப் போய்விட்டீர்கள் என்பது எனக்கு உறைத்தது. பஸ் ஸ்டாப் கல்லில் உட்கார்ந்து அழுதேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.